துணைவினை

தான் எறிந்ததைத் தனது என்று ஒப்புக்கொள்ளும் நாளில்தான் மனிதன் முழு மனிதன் ஆகிறான்.

இந்த வாசகத்தை ஆளுயரச் சலவைக்கல்லில் பொறித்து, கழிவு உடைமை நீதிமன்றத்தின் வாசலில் நிறுத்தி, மேளதாளத்தோடு திறந்துவைத்தார்கள். திறந்துவைத்த பெரிய மனிதர் ரிப்பனை வெட்டினார், கைதட்டலை வாங்கிக்கொண்டார், பாதி குடித்த தண்ணீர் பாட்டிலைக் கல்லின் காலடியில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். பாட்டில் யாருக்குச் சொந்தம் என்பதில் பந்தல்காரரின் ஆட்களுக்கும் நீதிமன்றத் துப்புரவு ஆட்களுக்கும் பேச்சு முற்றியது. பத்தே நிமிடத்தில் ஒருவருடைய தாடை பந்தல் கழியால் பிளந்தது. இன்னொருவருடைய இரண்டு விரல்கள் கதவிடுக்கில் போயின. கல்லில் தெறித்த ரத்தத்தைத் துடைக்க வந்தவர், ரத்தம் கழிவா, கழிவென்றால் யாருடைய கழிவு என்று பதிவாளரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். விளக்கம் வருவதற்குள் அது காய்ந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கல்லில் "மனிதன்" தெரியும், "முழு" தெரியாது.

அந்த நீதிமன்றத்தின் அமீனா தணிகாசலம். தீர்ப்பு எழுதுவது நீதிபதியின் வேலை. அதைப் பையில் போட்டுக்கொண்டு போய், தோற்றவரை எழுப்பிவிட்டு ஜெயித்தவரை உட்காரவைப்பது அமீனாவின் வேலை. இந்த நீதிமன்றத்துக்கு வந்த சில வருஷத்திலேயே தணிகாசலத்தின் உடம்பே ஒரு வழக்குப் பட்டியல் ஆகிவிட்டது. வலது தோள்பட்டை இறங்கியது பழைய மெத்தைகள் வழக்கில். முதுகில் உள்ள வெந்நீர்த் தழும்பு, முப்பது வருஷத்து ஷாம்பு பாக்கெட்டுகளை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கொடுத்தது. முன்பல் மூன்று, தேங்காய் மட்டை வழக்கின் மேல்முறையீட்டில். பல்லைப் பற்றி மட்டும் அவருக்கு வருத்தம் உண்டு. அந்த மேல்முறையீடு கடைசியில் வாபஸ் ஆகிவிட்டது.

எல்லாம் ஒரு கிருமியால் வந்தது. அதற்கு நீளமான விஞ்ஞானப் பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் தின்னி என்றார்கள். ஊறி, மக்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன பழங்குப்பைக்குள் தின்னியைக் குழாய் வழியாக இறக்கிவிட்டால், ஒரே இரவில் அத்தனையையும் தின்றுவிட்டு எரியெண்ணெயும் உலோகப் பொடியும் விட்டுவைக்கும். குப்பை எத்தனை பழையதோ அத்தனை நல்லது. நேற்றுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன மேடுகள் எல்லாம் மறுநாள் காலையில் எல்லோருக்கும் பாட்டன் சொத்தாகிவிட்டன. சட்டம் ஓடிவந்தது. எறிந்ததால் ஒரு பொருள் அநாதை ஆகிவிடாது. எறிந்தவன் வாயால் "இது உனக்கு" என்று கொடுத்தால் ஒழிய அது எறிந்தவனுடையதே என்றது.

யார் வாயால் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்காதவர்களைக் கண்டுபிடித்துத் திட்டுவதற்காக, நகரத்தின் ஒவ்வொரு குப்பைத்தொட்டியிலும் ஒரு சாட்சிக்காது பொருத்தியிருந்தார்கள். திட்டு யாரையும் திருத்தவில்லை. ஆனால் குப்பை எடுக்க வந்தவர்களிடம் வாசலில் நின்று யார் என்ன சொன்னார்கள் என்பது பதினைந்து வருஷமாகப் பதிவாகிக் கிடந்தது.

அன்று காலை வேனில் தணிகாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏட்டு இருதயராஜ். ஓய்வுபெற நாலு மாதம் பாக்கி உள்ள மனிதர். பந்தோபஸ்து என்று கேட்டதற்கு ஸ்டேஷனில் அவர் ஒருவரைத்தான் அனுப்பியிருந்தார்கள், ஒரு லத்தியோடு.

"எனக்கு ஒரு சந்தேகம் அமீனா," என்றார் ஏட்டு. "'எடுத்துட்டுப் போ'ன்னு சொன்னவன் குப்பை அவனுது. 'எடுத்துக்கினு போ'ன்னு சொன்னவன் குப்பை போச்சு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னு நீங்க சொல்றீங்க. நானூத்திப் பதினோரு பக்கத் தீர்ப்பு வேற சொல்லுது. 'எடுத்துட்டு'ல இருக்கறது விடு. 'எடுத்துக்கினு'ல இருக்கறது கொள். எடுத்துக் கொண்டு. கொள்ளுன்னு சொல்லிட்டா, நீயே வெச்சுக்கன்னு அர்த்தம். துணைவினையாம் அது. ரெண்டு பேராசிரியருங்க கூண்டுல ஏறிச் சொன்னாங்க. ஒருத்தர் கன்னத்துல இன்னொருத்தர் அறைஞ்சும் சொன்னாரு."

"எங்க வீட்ல எடுத்துக்கினு போன்னுதானே சொல்லுவோம்."

"அப்ப உங்க வீட்டுக் குப்பை உங்களுது இல்ல."

"பதினைஞ்சு வருஷமாவா?"

"பதினைஞ்சு வருஷமா."

ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒழுங்காகப் பேசு என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தணிகாசலம் மிச்சத்தையும் சொன்னார். அந்த ஒரு தீர்ப்பில், எடுத்துக்கினு என்று பேசுகிற நகரத்தின் வடக்குப் பக்கத்துக் குப்பை முழுவதும் கைமாறிற்று. குப்பை எடுக்க வந்த பெண்களுக்கே அது சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஒப்பந்ததாரரின் கூலியாட்கள், கூலியாளின் கையில் விழுந்தது முதலாளியின் மடியில் விழுந்ததே என்று நீதிமன்றம் இன்னொரு ஐம்பது பக்கம் எழுதிற்று. வேறு சில தெருக்காரர்கள் "எடுத்துண்டு போ" என்று பேசுகிறவர்கள், அவர்களும் தோற்றார்கள். ஆனால் மேல்முறையீட்டில், அது கொள் இல்லை, உண் என்னும் வேறு வினை என்று ஒரு பண்டிதரை வைத்து நிரூபித்து, போனதை வட்டியோடு மீட்டுக்கொண்டார்கள்.

வேன் நின்றது. வேங்கைமேடு.

இருபது மாடி உயரம். அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு குடியிருப்பின் கொடி. அறுபத்திரண்டாம் அடுக்கு, கிழக்கு முகத்தில் ஒரு பேருந்து போகிற அகலம். தீர்ப்புப்படி அது ஸ்ரீ குபேரா கார்டன் உரிமையாளர் சங்கத்துக்குச் சேர்ந்தது. இன்று அதைத் தணிகாசலம் அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். பகல் இரண்டு மணிக்குத் தின்னிக் குழாயை இறக்குவார்கள்.

அடுக்கின் மேல் பவுனம்மாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் கையில் கொக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். குப்பையைக் கிளறிப் பிழைத்தவர்கள். மேடு விலைபெற்ற வாரமே ஒப்பந்ததாரர் அவர்களை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். இப்போது அவர்கள் யாருக்கும் கூலியாள் இல்லை. ஒன்பது நாளைக்கு முன்னால், அடியில் இருந்த அடுக்கைத் துளையிட்டபோது மேலே இருந்தது சரிந்தது. பவுனம்மாவின் புருஷன் ஏகாம்பரம் உள்ளே போனான். ஆள் இன்னும் உள்ளேதான் இருந்தான். தின்னி இறங்கினால் எலும்புகூட மிஞ்சாது, அவனும் எண்ணெய்தான்.

குபேரா கார்டன் சங்கத் தலைவர் திருவேங்கடநாதன் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். பட்டு ஜிப்பா, ஓட்டப்பயிற்சிக் காலணி, கையில் கோப்பு. பின்னால் சீருடையோடு இருபது செக்யூரிட்டிகள், ஜிம்மில் தூக்குகிற கம்பிகளோடு இளைஞர்கள், மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாகச் சில மூத்த உறுப்பினர்கள். திருவேங்கடநாதன் பேசினால் அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். தொட்டியின் காதில் பதினோரு வருஷமாகப் பதிவாகியிருந்த அவர் குரல், "தயவுசெய்து எடுத்துச் செல்லுங்கள்" என்பதைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தைத் தீர்ப்பிலேயே ஒரு முன்மாதிரியாக மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு லிஃப்டுக்குள் மாட்டியிருந்தார்.

பவுனம்மா எழுந்து வந்தாள். "சார், எனக்கு இந்த மேடு வோணாம். எங்காளு மட்டும் போதும். தோ, அந்த எடம்தான். தோண்டி எடுத்துக்கினு போய்டறோம். ரெண்டு மணி நேரம்."

"அம்மா, உங்கள் துயரத்தில் எங்கள் சங்கம் பங்குகொள்கிறது," என்றார் திருவேங்கடநாதன். "இரங்கல் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறோம். ஆனால் பிரிவு பதினேழு தெளிவாக இருக்கிறது. கழிவோடு கலந்தது கழிவு. உங்கள் கணவர் இப்போது சங்கத்தின் பொதுச் சொத்தில் ஒரு பகுதி. பொதுச் சொத்தை வெளியாருக்குக் கொடுப்பதென்றால் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. சென்ற பொதுக்குழுவுக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். சிற்றுண்டி ஏற்பாடு செய்திருந்தும்."

"எம்புருசன் பொதுச் சொத்தா?"

"சட்டப்படி."

"உசுரோட இருக்கசொல்ல ஒருத்தனும் பங்கு கேட்டு வரலியே சார்."

ஜிம் இளைஞர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். திருவேங்கடநாதன் திரும்பிப் பார்த்ததும் கம்பியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

பவுனம்மா தணிகாசலத்தைப் பார்த்தாள். அவருக்கு அந்த மாதிரிப் பார்வை பழக்கம்தான். அடி விழுவதற்கு முன்னால் எப்போதும் வருவது. ஆனால் இந்த அம்மாள் கொக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். தணிகாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒப்படைப்பைப் பதிவுசெய்ய அமீனாக்களுக்கும் கொடுத்திருந்த, நெஞ்சில் மாட்டிய சாட்சிக்காதின் விசையைத் தட்டினார். தீர்ப்பை முழுமையாக வாசித்து முடிக்கும்வரை சொத்தில் உள்ளவர்களை யாரும் தொடக்கூடாது என்பது நடைமுறை என்று அறிவித்தார். அப்படி ஒரு நடைமுறை இருந்ததில்லை.

வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்தார். நான்கெல்லை வந்ததும், மேற்கே வெண்தாமரை ரெசிடென்சியின் அறுபத்துமூன்றாம் அடுக்கு என்ற வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, எங்கே விட்டேன் என்று கேட்டுவிட்டு, மறுபடி முதல் எல்லையிலிருந்து தொடங்கினார். பின்னால் கொக்கிகள் கொத்தும் சத்தம் கேட்டது. ஏட்டு இருதயராஜ் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்கையால் சாக்குகளை விலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தடவை தெற்கெல்லை வாசிக்கும்போது மேலேயிருந்து ஒலிபெருக்கி கத்தியது.

வெண்தாமரை ரெசிடென்சிக்காரர்கள். ஒன்பது நாளைக்கு முந்தைய சரிவில் தங்கள் அறுபத்துமூன்றாம் அடுக்கிலிருந்து பாதி கீழே விழுந்துவிட்டது, விழுந்தாலும் தங்களுடையது தங்களுடையதுதான் என்பது அவர்கள் கட்சி. கிரிக்கெட் ஹெல்மெட்டும் மண்வெட்டியுமாக நாற்பது பேர், முன்னால் ஒரு பொக்லைன். அவர்களுடைய செயலாளரம்மாள் பொக்லைனின் படியில் நின்றுகொண்டு, நமது கழிவு நமது பிறப்புரிமை என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். இரண்டாவது தடவை முழங்குவதற்குள் கீழேயிருந்து வந்த ஜிம் கம்பி அவர் வாயில் விழுந்தது. ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கொப்பளிக்கிற சத்தத்தை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லியது.

பிறகு நடந்ததைத் தணிகாசலம் தன் அறிக்கையில் "கைகலப்பு" என்று எழுதினார். படிவத்தில் அதற்கு மேல் பெரிய சொல்லுக்குக் கட்டம் இல்லை.

இரண்டு பக்கத்துச் செக்யூரிட்டிகளும் ஒரே ஏஜென்சி ஆட்கள். போன மாதம்வரை ஒரே அறையில் எட்டுப்பேராகப் படுத்தவர்கள். "மன்னிச்சுக்க மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் அடியை அடித்தார்கள். மூன்றாவது அடிக்கு மேல் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மடக்கு நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், தினமும் பிராணாயாமம் செய்கிறவர், எதிரே வந்தவனின் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்து, நாற்காலியின் காலைக் கழுத்தில் வைத்து அழுத்தினார். அவன் கால் உதைப்பது நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். நின்றதும், யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். யோகா வகுப்பு நடத்துகிற பெண் ஒருத்தி மண்வெட்டியால் ஒருவனுடைய முழங்காலைத் திருப்பிவைத்தாள். பொக்லைன் ஓட்டியவனுக்கு இது எதிலும் பங்கில்லை, தினக்கூலி. கண்ணாடி உடைந்து முகத்தில் இறங்கியதும் அவன் கை பட்ட விசையையெல்லாம் இழுத்தான். வாளி ஒரு சுற்றுச் சுற்றியது. வழியில் நின்ற ஏட்டு இருதயராஜை விலாவில் வாங்கி, தூக்கி, பத்தடி தள்ளிப் போட்டுவிட்டு மறுபடி சுற்றியது.

தணிகாசலம் தவழ்ந்து போனார். ஏட்டுவின் சட்டையைப் பிரித்தபோது எதை அழுத்திப் பிடிப்பது என்று தெரியவில்லை. உள்ளே இருக்க வேண்டியது நிறைய வெளியே இருந்தது. தோள் துண்டை வைத்து அழுத்தினார்.

"அமீனா," என்றார் ஏட்டு. "இது... கழிவோட கலந்துட்டா..."

"பேசாதீங்க ஏட்டய்யா."

"எங்கம்மா கல்லறை பக்கத்துல எடம் வாங்கி வெச்சிருக்கேன். இவனுங்க சொத்தாக்கிடாதீங்க."

தணிகாசலம் அவரை இரு கக்கத்திலும் கைகொடுத்து இழுத்து, குப்பையைத் தாண்டி, வண்டிப்பாதையின் வெறும் மண்ணில் கிடத்தினார். மண்ணுக்கு வந்தபோது ஏட்டு இறந்திருந்தார். மேலே பொக்லைனின் எடை தாங்காமல் அறுபத்துமூன்றாம் அடுக்கின் விளிம்பு உடைந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணி விழுகிற மாதிரி ஒரு சத்தம். குபேரா கார்டன்காரர்கள் நாலு பேரும் வங்கி மேலாளரின் நாற்காலியும் அதன் அடியில் போனார்கள். வங்கி மேலாளர் அந்த நாலில் ஒருவர்.

சரிந்ததில் உள்ளே இருந்தது வெளியே வந்தது. முதலில் ஒரு முழங்கால், பிறகு இடுப்பு. பவுனம்மா லுங்கியைப் பார்த்ததும் கத்தவில்லை. போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் எல்லைக் கயிற்றின் குறுக்கே கிடந்தான். இடுப்புவரை அறுபத்திரண்டு, அதற்கு மேல் சரிந்துவந்த அறுபத்துமூன்று. வெண்தாமரை ஆட்கள் மூன்று பேர் தோளைப் பிடித்தார்கள். அவனை விட்டுக்கொடுத்தால் சரிந்த அடுக்கு முழுவதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று யாரோ வக்கீல் ஒருவர் பின்னாலிருந்து எச்சரித்தார். குபேரா ஆட்கள் பவுனம்மாவைத் தள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்தார்கள். திருவேங்கடநாதனே கோப்பைக் கீழே வைத்துவிட்டு, ஜிப்பாக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, ஒரு காலைப் பிடித்தார். சங்கத்தின் எல்லை விஷயத்தில் சமரசம் கிடையாது என்றார். இழுத்தார்கள். ஒன்பது நாள் ஆன உடம்பு. இழுத்தால் வரும், ஆனால் முழுசாக வராது. அந்தக் கிழிகிற சத்தத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பவுனம்மா கொக்கியை எடுத்தாள். வாழ்நாள் முழுவதும் சாக்குக்குள் கை தெரியாமல் விட்டு, வேண்டியதை மட்டும் கோத்து எடுத்த கை. திருவேங்கடநாதனின் தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, இறக்கினாள். இறக்கிவிட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

திருவேங்கடநாதன் விழுந்தார். வாயைத் திறந்தார். வந்த குரலை அதற்கு முன் அவர் சங்கத்தில் யாரும் கேட்டதில்லை.

"அய்யோ, வுடுடீ. வுட்டுத் தொலை. இன்னாத்துக்குடி இந்தக் குத்து குத்தறே. எடுத்துக்கினு போ. ஒம்புருசன், இந்தக் குப்ப, இந்த எழவு மேடு, அல்லாத்தையும் நீயே எடுத்துக்கினு போ."

தணிகாசலத்தின் நெஞ்சில் சாட்சிக்காது பச்சையாக எரிந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறது போன்ற ஒரு பெண்குரல், ரத்தமும் நாற்றமும் எதுவும் பாதிக்காமல், சொல்லிற்று: "கொடை பதிவாயிற்று. அடுக்கு அறுபத்திரண்டு. கொடுத்தவர், ஸ்ரீ குபேரா கார்டன் உரிமையாளர் சங்கத் தலைவர். பெற்றவர், பவுனம்மா, கணவர் பெயர் ஏகாம்பரம். பொருள், அல்லாத்தையும்."

அடிதடி நின்றது. கொடைக்காக நிற்கவில்லை. குபேரா கார்டன்காரர்கள் தங்கள் தலைவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு வருஷமாக அவரோடு காலையில் நடந்தவர்கள். உடைந்த மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், நம்ம பிரசிடெண்டா பேசினது என்று மெல்லக் கேட்டார்.

பவுனம்மா கொக்கியை விடவில்லை. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் மாதிரி கேட்டாள்:

"இன்னா பிரசிடெண்டு, எந்த ஏரியா நீ?"

அவர் கீழே கிடந்த கோப்பைத் துழாவி எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

தணிகாசலம் எழுந்து நின்று, ரத்தத்தில் ஒட்டிப்போன படிவத்தைப் பிரித்து, அறுபத்திரண்டாம் அடுக்கு இன்ன தேதியில் இன்ன நேரத்தில் பவுனம்மா வசம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கினார். மை தேவைப்படவில்லை. ஏகாம்பரத்தை மூன்று துண்டாக ஒரு தார்ப்பாயில் எடுத்துப்போய் அன்று சாயங்காலமே எரித்தார்கள். ஏட்டுவை, அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் அவரே வாங்கிவைத்திருந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள். அன்று செத்தவர்கள் மொத்தம் பதினோரு பேர்.

அதில் நாலு பேர் சரிவின் அடியில் இருந்தார்கள். பிரிவு பதினேழு யாருக்கும் மறந்துவிடவில்லை. மறுநாள் காலை குபேரா கார்டனிலிருந்து வெள்ளை உடுத்திய ஒரு கூட்டம் பவுனம்மாவின் குடிசை வாசலில் வந்து நின்றது. அவள் பொதுக்குழு எதையும் கூட்டவில்லை. தணிகாசலத்தை வரச்சொல்லி, நெஞ்சில் காது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்து, "எடுத்துக்கினு போங்க" என்றாள். நாலு தடவை பச்சை எரிந்தது. வங்கி மேலாளரின் மருமகன் மட்டும், படித்தவர், கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஏதும் சிக்கல் வரக்கூடாது பாருங்கள், அதையே கொஞ்சம் திருத்தமாக "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். அவள் அப்படியும் சொன்னாள்.

அதற்குப் பிறகு பவுனம்மா அந்த அடுக்கில் குழாயை விடவில்லை. இன்னும் உள்ளே யார் யார் இருக்கிறார்களோ என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களை வைத்துச் சாண் சாணாகக் கிளறிப்பார்க்க ஆரம்பித்தாள்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. பத்தாம் நாள், கொடைப் பதிவின் நகலைத் தருவதற்காகத் தணிகாசலம் சங்கத்து வக்கீல் ஞானசுந்தரியின் அலுவலகத்துக்குப் போனார். திருவேங்கடநாதன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பேச்சு மறுபடி அச்சுக் கோத்திருந்தது.

இரண்டே வழி என்றார் வக்கீல். ஒன்று, எடுத்துக்கினு போ என்பது அவர் பிறந்த இடத்தில் வெறுமனே தூக்கிக்கொண்டு போ என்றுதான் பொருள்படும், அதில் கொடை எதுவும் இல்லை என்று வாதாடுவது. நல்ல வாதம். ஆனால் அது எடுபட்டால் அந்த நானூற்றுப் பதினோரு பக்கத் தீர்ப்பும் கவிழும்; வடக்குப் பக்கத்துக் குப்பை மொத்தமும் வடக்குப் பக்கத்துக்கே திரும்பும். அதோடு, எங்கே பிறந்தார் என்று அவர் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும்.

"அது என் மொழி அன்று," என்றார் திருவேங்கடநாதன். "வலியில் எழுந்த ஓர் ஒலி."

"சரி சார், அது வேண்டாம். ரெண்டாவது வழி இதைவிடச் சுலபம், ஆனா நமக்கு உதவாது. உரிமை இல்லாதவர் கொடுத்தா கொடை செல்லாது. குப்பை வீட்டோட பிறந்தது, வீடு யாருதோ அவருதுதான்னு பின்னால ஒரு தீர்ப்பு இருக்கு. வாடகைக்குக் குடியிருக்கறவர் கொடுத்திருந்தா ஒரே வரியில ரத்து பண்ணிடலாம். அடுக்கு நாளைக்கே நம்ம கைக்கு வந்துடும். நீங்க உரிமையாளர் சங்கத் தலைவரா இருக்கீங்க, என்ன பண்றது."

திருவேங்கடநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

"ஆம்," என்றார். "அந்த வழி நமக்கு இல்லை."

முப்பது நாளும் கழிந்தன. மேல்முறையீடு வரவில்லை. அறுபத்திரண்டாம் அடுக்கு பவுனம்மாவுக்கே உறுதியாயிற்று. உறுதி ஆணையைச் சேர்ப்பிக்கத் தணிகாசலம் குபேரா கார்டனுக்குப் போனார். தலைவரின் வீடு சி பிளாக், ஒன்பதாம் மாடி, நாலாம் எண். வாசலில் புது செக்யூரிட்டி, பழையவர் சரிவில் போய்விட்டார். அவன் ஆணையின் மேல் இருந்த "உரிமையாளர்" என்ற சொல்லைப் படித்துவிட்டு, இது ஓனருக்கா, சாருக்கா என்று கேட்டான். ஓனர் துபாயில் இருக்கிறார், தபால் வந்தால் தனியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

தணிகாசலம் ஆணையைச் சாருக்கே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். இது பற்றி அறிக்கையில் ஒன்றும் எழுதவில்லை.

திருவேங்கடநாதன் அந்த வீட்டில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருந்தார்.